எல்லாருக்கும் உரிய மலை

நுழையும்முன்

இளைஞர் சிலர் மண்வெட்டியும் கோடரியும் எடுத்துக்கொண்டு மலைக்காட்டிற்குள் செல்கின்றனர். மிதிவண்டியில் இறங்கிவரத் தமக்கென ஒரு தடத்தை வெட்டுகின்றனர். அந்த மலை அவர்களுக்கு மட்டும் சொந்தமன்று. அதில் அவர்களுக்குப் பங்கே இல்லை என்றும் கூறிவிட முடியாது. பொது நிலத்தில் ஒருவரது விருப்பத்திற்கு எவ்வளவு இடம் உண்டு? அந்த இடத்தை அவர் எவ்வாறு கேட்டுப் பெற வேண்டும்? கனடா நாட்டு மலைச்சரிவு ஒன்றில் எழுந்த இவ்வினாக்களையும் அவற்றுக்குக் கிடைத்த விடைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

விளையாட்டும் நிலமும்

விளையாட்டுகளுள் பல, தமக்கென அளந்து ஒதுக்கப்பட்ட ஆடுகளத்தில் நடைபெறுகின்றன. கால்பந்திற்குத் திடல் உண்டு. நீச்சலுக்குக் குளம் உண்டு. மலைமிதிவண்டி ஓட்டத்திற்கு அத்தகைய வேலியிட்ட களம் இல்லை. காடும் பாறையும் வேரும் சரிவும் அதன் களங்கள். அவற்றுள் பெரும்பகுதி அரசின் பொறுப்பிலுள்ள பொது நிலங்களாகும். அந்நிலங்களில் நடைப்பயணிகள் உலவுகின்றனர், பறவை நோக்குவோர் வருகின்றனர், குதிரையேறுவோர் செல்கின்றனர், ஊருக்குக் குடிநீர் தரும் ஓடைகள் பாய்கின்றன, விலங்குகள் வாழ்கின்றன. எனவே, மலைமிதிவண்டியின் வரலாறு ஒரு பொறியின் வரலாறாக மட்டும் நின்றுவிடவில்லை; நிலத்தைப் பகிர்ந்துகொள்வதன் வரலாறாகவும் அது விரிந்தது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்னும் வட்டாரம் உள்ளது. அங்குள்ள ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊருக்கு அருகில், 1976ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இளைஞர்கள் சிலர் பழைய கனத்த மிதிவண்டிகளில் மலைப்பாதை ஒன்றில் இறங்கிப் போட்டியிட்டனர். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவிற்குள் 400 மீட்டர் உயரம் இறங்கும் பாதை அது. கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரத் தடையின் மசகு சூடேறி எரிந்து புகைந்துவிடும். மீண்டும் மசகை நிரப்பினால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அப்பாதைக்கு, ‘மீண்டும் நிரப்புதல்’ எனப் பொருள்படும் ‘ரீபேக்’ என்னும் பெயர் நிலைத்தது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி முதலியோர் அக்குழுவில் இருந்தனர். மலைக்கென்றே மிதிவண்டிகளைப் புதிதாக வடிவமைக்கும் முயற்சி அவர்களிடமிருந்து வளர்ந்தது.

மிதிவண்டிகள் பெருகியபோது மோதலும் பெருகிற்று. அமைதியை நாடி நடந்தவர்கள், வளைவுகளில் விரைந்துவரும் சக்கரங்களைக் கண்டு அஞ்சினர். 1980களில் மரின் வட்டார மலைகளின் ஒற்றையடித் தடங்கள் பல மிதிவண்டிகளுக்கு மூடப்பட்டன. தீயணைப்பு வண்டிகளுக்காக அமைந்த அகன்ற பாதைகளிலும் மணிக்கு 15 மைல், அதாவது ஏறத்தாழ 24 கிலோமீட்டர் என வேக வரம்பு வந்தது. தடங்கள் அடுத்தடுத்து மூடப்படுவதைக் கண்ட கலிபோர்னிய மிதிவண்டிச் சங்கங்கள் சில ஒன்றுகூடி, 1988ஆம் ஆண்டு பன்னாட்டு மலைமிதிவண்டிக் கழகத்தைத் தோற்றுவித்தன. சினந்து எதிர்ப்பதனால் மட்டும் மூடிய தடம் திறவாது. பொறுப்புடன் நடந்துகாட்டினால்தான் திறக்கும் என்பது அக்கழகத்தின் முதற்பாடமாயிற்று.

தெரிந்து தெளிவோம்

பன்னாட்டு மலைமிதிவண்டிக் கழகம் வகுத்த தடநெறிகள் ஆறு:
1. திறந்துவிடப்பட்ட தடங்களில் மட்டும் ஓட்டுக.
2. சென்ற சுவடு நிலத்தில் தங்காதவாறு ஓட்டுக.
3. மிதிவண்டியை எப்போதும் கட்டுப்பாட்டில் வைத்திருக்க.
4. பிறருக்கு முறைப்படி வழிவிடுக.
5. விலங்குகளை அச்சுறுத்தாதிருக்க.
6. முன்கூட்டியே திட்டமிட்டுச் செல்க.

மழைக்காட்டில் பிறந்த புதுவகை

கனடாவின் மேற்குக் கரையில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் உள்ளது. அதன் பெருநகரான வான்கூவருக்கு வடக்கே, கடற்கழிக்கு அப்பால், ஃப்ரோம், சீமோர், சைப்ரஸ் என்னும் மூன்று மலைகள் நிற்கின்றன. அப்பகுதியை ‘நார்த் ஷோர்’, அதாவது வடகரை என்று அழைப்பர். அங்கு ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. நிலம் எந்நாளும் ஈரமாகவே இருக்கும். வேர்கள் வழுக்கும், பள்ளங்களில் சேறு தேங்கும், விழுந்து கிடக்கும் தேவதாரு மரங்கள் வழியை மறிக்கும்.

இந்தத் தடைகளே ஒரு புதுவகை விளையாட்டைத் தோற்றுவித்தன. சேற்றைக் கடப்பதற்காகத் தடம் வெட்டியோர், விழுந்த மரங்களைப் பிளந்து ஏணிபோன்ற மரப்பாலங்களை அமைத்தனர். நாளடைவில் அப்பாலங்கள் தரையை விட்டு உயர்ந்தன, ஒடுங்கின, வளைந்தன. பாறையிலிருந்து குதிக்கும் இடங்களும், ஏறியதும் மறுபுறம் சாயும் சீசா பலகைகளும் சேர்ந்தன. 1990களில் இக்கலை விரைந்து வளர்ந்தது. தடம் அமைப்பதில் பெயர்பெற்ற டாட் ஃபியாண்டர் போன்றோர் எடுத்த காணொளிகள் வழியாக, வடகரையின் புகழ் உலகெங்கும் பரவிற்று. நேரக்கணக்கும் முடிவுக்கோடும் இல்லாமல், நிலத்தின் அமைப்பையே அறைகூவலாக ஏற்றுத் தன் விருப்பப்படி இறங்கும் இவ்வகை ஓட்டம் ‘ஃப்ரீரைடு’ எனப்பட்டது. கட்டற்ற ஓட்டம் என்பது அதன் பொருள்.

பெயரில் இருந்த கட்டின்மை தடம் அமைத்த முறையிலும் இருந்தது. பெரும்பாலான தடங்கள் எவரிடமும் இசைவு பெறாமல், காட்டின் மறைவில் வெட்டப்பட்டவை. அவற்றின் நுழைவாயில் இலைதழைகளால் மறைக்கப்பட்டிருக்கும். அறிந்தவர் அறிந்தவருக்குச் சொல்லியே வழி பரவும். தனி மனிதர்கள் ஊதியமின்றி, மழையில் நனைந்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய தடங்கள் அவை. அவ்வுழைப்பின் மதிப்பை மறுக்க இயலாது. ஆயினும், உழைப்பு மட்டுமே உரிமையைத் தந்துவிடுமா என்னும் வினா எஞ்சி நின்றது.

பொது நிலம் யாருடையது?

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 94 விழுக்காடு மாகாண அரசின் பொறுப்பில் உள்ள ‘கிரவுன் நிலம்’ ஆகும். அரசின் பெயரால் மக்களுக்காகக் காக்கப்படும் நிலம் என்று அதனைப் புரிந்துகொள்ளலாம். நம் ஊர்களில் ‘புறம்போக்கு’ எனப்படும் நிலம் வரிக்கணக்கிற்குப் புறம்பானது. ஆனால், பொதுப்பயனுக்கு உரியது. எனினும் பேச்சுவழக்கில் அச்சொல் கேட்பாரற்றது என்னும் பொருளையும் பெற்றுவிட்டது. பொது நிலத்தைப் பற்றிய இத்தகைய மயக்கம் எல்லா நாடுகளிலும் உண்டு. எல்லாருக்கும் உரியதை ஒருவருக்கும் உரியதன்று எனக் கருதுவதே அம்மயக்கம்.

வடகரை மலைகளில் இச்சிக்கல் மேலும் கூடுதலானது. பார்வைக்கு ஒரே காடாகத் தோன்றும் அச்சரிவுகளுக்குப் பொறுப்பாளர் பலர். ஃப்ரோம் மலையின் தடங்கள் பெரும்பாலும் வடவான்கூவர் மாவட்ட நகராட்சியின் நிலத்தில் உள்ளன. சீமோர் மலையிலோ நகராட்சி நிலமும், நடுவணரசின் வீட்டுவசதி நிறுவனத்தின் நிலமும், மாகாணப் பூங்காவும், வான்கூவர் வட்டார நிருவாகத்தின் காப்புநிலமும் அருகருகே அமைந்துள்ளன. சைப்ரஸ் மலைச்சரிவின் ஒரு பகுதி தனியாருக்குச் சொந்தமானது. மேலே தொடங்கும் ஒரு தடம் கீழே வந்து சேர்வதற்குள் இரண்டு மூன்று உரிமையாளர்களின் எல்லைகளைக் கடந்துவிடலாம். இவ்வெல்லைகளுக்கெல்லாம் முன்பே அந்நிலத்தில் வாழ்ந்த ஸ்குவாமிஷ், ட்ஸ்லேல்-வாடுத் முதலிய முதற்குடி மக்களின் உரிமையும் அங்கு உண்டு.

ஆகவே, இசைவு கேட்க விரும்பும் ஒருவர் விடை காண வேண்டிய முதல் வினா, ‘இந்த நிலம் யாருடைய பொறுப்பில் உள்ளது?’ என்பதாகும். எளியதாகத் தோன்றினாலும், நில அளவை வரைபடத்தைக் கொண்டன்றி இவ்வினாவிற்கு விடை காண இயலாது.

மறைவின் விலை

இசைவின்றி அமைந்த தடங்களுக்கு மூன்று வகையான கேடுகள் நேர்ந்தன.

முதலாவது நிலத்திற்கு நேர்ந்த கேடு. மறைவாக வெட்டுபவர், பிறர் கண்ணில் படாத இடத்தையே தேடுகிறார். நிலம் தாங்கும் இடத்தைத் தேடுவதில்லை. நேர்ச்சரிவில் இறங்கும் தடம் மழைநீருக்குக் கால்வாயாகிறது. மேல்மண் அரித்துச் செல்லப்பட்டு வேர்கள் வெளிப்படுகின்றன. சேற்றைத் தவிர்க்க ஓட்டுவோர் ஓரங்களில் ஒதுங்க ஒதுங்கத் தடம் அகன்றுகொண்டே போகிறது.

இரண்டாவது மனிதர்களுக்கு நேர்ந்த கேடு. ஈரக்காட்டில் மரப்பாலங்கள் சில ஆண்டுகளிலேயே உளுத்துப்போகும், ஆணிகள் துருப்பிடிக்கும். கட்டியவர் வேறிடம் சென்றுவிட்டால் அவற்றைச் சோதிப்பவர் எவரும் இல்லை. விழுந்து காயமுற்றவர் எந்த இடத்தில் கிடக்கிறார் என்பதை மீட்புக் குழுவினருக்குச் சொல்லவும் வழியில்லை. ஏனெனில் அத்தடம் எந்த வரைபடத்திலும் இல்லை.

மூன்றாவது நம்பிக்கைக்கு நேர்ந்த கேடு. சட்டத்திற்குப் புறம்பான தடத்திற்குச் சட்டத்தின் காப்பும் இல்லை. ஆபத்தானவை எனக் கருதிய மர அமைப்புகள் பலவற்றை நில நிருவாகத்தினர் அகற்றினர். பல்லாண்டு உழைப்பு ஒரே நாளில் விறகாயிற்று. மிதிவண்டியை வெறுத்தோர் சிலர் தடங்களின் குறுக்கே கட்டைகளையும் கற்களையும் இட்டனர். அத்தகைய செயல் நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. ஒருவர் மறைவில் வெட்டினார். மற்றொருவர் மறைவில் மறித்தார். இருவருமே அது பொதுநிலம் என்பதை மறந்தவர்களே.

அமைப்பாய்த் திரளுதல்

தடங்கள் முற்றிலும் மூடப்படக்கூடும் என்னும் அச்சம் எழுந்த சூழலில், 1997ஆம் ஆண்டு வடகரை மலைமிதிவண்டிச் சங்கம் தோன்றியது. தனி ஒருவர் நகராட்சியை அணுகினால் அவர் ஒரு மனுதாரர். பதிவுபெற்ற சங்கம் அணுகினால் அது பேச்சுக்குரிய ஒரு தரப்பு. சங்கத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பாளர்கள் உண்டு, கணக்கு உண்டு, காப்பீடு உண்டு. இன்று ஒப்புக்கொண்டதை அடுத்த ஆண்டும் நிறைவேற்றும் தொடர்ச்சியும் அதற்கு உண்டு. நில நிருவாகங்கள் முதன்மையாக எதிர்பார்ப்பது இந்தத் தொடர்ச்சியைத்தான். தடம் வெட்டுவது ஒரு பருவத்து வேலை. அதைக் காப்பதோ பல்லாண்டுக் கடமை.

இதே காலத்தில் வேறோரிடத்தில் வேறொரு வழியும் தோன்றியது. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் ஃபால்ஸ் சிட்டி என்னும் சிற்றூருக்கு அருகே மாநில அரசின் காடு ஒன்று உள்ளது. 2000களின் தொடக்கத்தில் ஓட்டுநர்கள் அக்காட்டின் அலுவலர்களோடு கலந்து பேசி, அவர்களது ஒப்புதலுடன் ஃப்ரீரைடு தடங்களை அமைக்கலாயினர். ‘பிளாக் ராக்’ எனப்படும் அவ்விடத்தைத் தன்னார்வலர்களே பேணி வருகின்றனர். குதித்தலும் உயர்ந்த பாலங்களும் நிறைந்த ஓட்டமுங்கூட அரசுக் காட்டில் முறைப்படி இடம்பெற முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று.

ஒப்புதலின் படிகள்

பிரிட்டிஷ் கொலம்பியாவின் காடு, மேய்ச்சல் நில நடைமுறைச் சட்டம் 2002ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2004ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மாகாண அரசின் நிலத்தில் இசைவின்றி எவரும் தடம் அமைக்கவோ, சீரமைக்கவோ, பராமரிக்கவோ கூடாது என்று அதன் 57ஆம் பிரிவு கூறுகிறது. பராமரிப்பதற்கும் இசைவு வேண்டும் என்பது கருதத்தக்கது. பாழடைந்த பாலத்தை நல்லெண்ணத்துடன் செப்பனிடுபவரும், அதன் பொறுப்பில் பங்கேற்கிறார் என்பதே அதன் உட்கருத்து. நகராட்சி நிலமாயின் அந்நகராட்சியின் இசைவைப் பெற வேண்டும்.

விண்ணப்பம் என்பது வெறும் வேண்டுகோள் மடல் அன்று. தடம் செல்லும் வழியைக் காட்டும் வரைபடம், அதன் நீளம், சரிவு, அமையவிருக்கும் பாலங்கள், குதிக்கும் இடங்கள் ஆகியவற்றின் விவரம், யாருக்காக அமைகிறது என்னும் விளக்கம், யார் பராமரிப்பார் என்னும் உறுதி ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். அதைப் பெற்ற அலுவலர்கள், அந்நிலத்தில் மரம் வெட்டும் உரிமம், சுரங்க உரிமம், நீர் உரிமம் முதலியவை வேறு எவருக்கேனும் வழங்கப்பட்டுள்ளனவா எனப் பார்க்கின்றனர். பின்னர் மூன்று வினாக்களை எழுப்புகின்றனர். பொதுமக்களின் பாதுகாப்பிற்கு ஊறு நேருமா? சுற்றுச்சூழலுக்குத் தாங்கவொண்ணாத கேடு விளையுமா? நிலத்தின் பிற பயனாளர்களோடு மோதல் உண்டாகுமா?

முதற்குடி மக்களைக் கலந்தாய்வது மற்றொரு படி. அவர்களின் உரிமைகளைப் பாதிக்கக்கூடிய முடிவை எடுக்கும் முன் அவர்களைக் கலந்தாய்வது அரசின் கடமை எனக் கனடாவின் உச்ச நீதிமன்றம், 2004ஆம் ஆண்டு ஹைடா மக்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. அக்கடமை அரசுக்கே உரியது. ஆயினும், தடம் அமைக்க விரும்பும் சங்கத்தினர் தாமாக முன்சென்று அம்மக்களோடு பேசுவது நல்லுறவை வளர்க்கும். தொன்மையான வாழிடங்களும் வழிபாட்டிடங்களும் எங்குள்ளன என்பதை அந்நிலத்தின் மூத்தகுடியினரே நன்கறிவர்.

விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பது நில நிருவாகத்தின் நெஞ்சில் எப்போதும் நிற்கும் கேள்வி. அதற்கும் அம்மாகாணச் சட்டத்தில் விடை உண்டு. கட்டணமின்றிப் பொழுதுபோக்குத் தடத்தைப் பயன்படுத்துபவர், அதன் இடர்களைத் தாமே விரும்பி ஏற்றவராகக் கருதப்படுவார். அதே வேளையில், நில உரிமையாளர் தீங்கு செய்யும் நோக்குடன் ஆபத்தை உருவாக்கக்கூடாது. பயனாளரின் பாதுகாப்பை அறவே பொருட்படுத்தாமலும் இருக்கக்கூடாது. ஓட்டுபவருக்கும் உரிமையாளருக்கும் சட்டம் இவ்வாறு பொறுப்பைப் பகிர்ந்தளித்திருப்பதால்தான், ‘இசைவு தந்தால் இழப்பீடு தர நேருமே’ என்னும் அச்சம் தணிகிறது.

நீரின் இயல்பறிந்த தடம்

நல்ல தடத்தின் முதற்பகைவன் சக்கரமன்று, வழிமாறிய நீர். ஆதலால், தடம் அமைப்போர் முதலில் கற்க வேண்டியது நீரின் போக்கையே. மலையின் நேர்ச்சரிவில் இறங்காமல், சரிவைக் குறுக்காகத் தழுவிச் செல்லும் தடமே நெடுநாள் நிலைக்கும். தடத்தின் வெளிப்பக்கம் ஏறத்தாழ 5 விழுக்காடு தாழ்ந்திருந்தால், மேலிருந்து வரும் நீர் தடத்தின்மீது ஓடாமல் குறுக்காகக் கடந்து கீழே சென்றுவிடும். இறங்கிக்கொண்டே செல்லும் தடத்தில் இடையிடையே சிறு ஏற்றங்கள் அமைத்தால், நீர் அங்கே தேங்காது வெளியேறும். அச்சிறு ஏற்றங்கள் ஓட்டுவோருக்கு மகிழ்ச்சியையும் தருகின்றன.

தெரிந்து தெளிவோம்

அரைப்பங்கு விதி: தடத்தின் சரிவு, அது செல்லும் மலைப்பக்கத்தின் சரிவில் பாதியை மிகக்கூடாது. சான்றாக, மலைப்பக்கம் 16 விழுக்காடு சரிவுடையதாயின், தடத்தின் சரிவு 8 விழுக்காட்டிற்குள் அமைய வேண்டும். மலைப்பக்கம் மிகச் செங்குத்தாக இருப்பினும், தடம் முழுமைக்குமான சராசரிச் சரிவு 10 விழுக்காட்டளவில் இருப்பது நன்று. (100 மீட்டர் கிடைத்தொலைவில் 10 மீட்டர் உயரம் மாறினால் அது 10 விழுக்காட்டுச் சரிவு.)

ஃப்ரீரைடு தடங்கள் இவ்வளவைவிடச் செங்குத்தாகவும் இறங்க வேண்டியிருக்கும். அவ்விடங்களில் இயற்கைப் பாறையின்மீதே தடத்தைச் செலுத்துவர். அல்லது கல் பாவி மண்ணைக் காப்பர். வடகரையில் மற்றொரு முறையும் கையாளப்படுகிறது. காட்டின் மேற்பரப்பிலுள்ள மட்கு, நீரை உறிஞ்சிச் சேறாகும் இயல்புடையது. அதை அகற்றிவிட்டு, அடியில் கிடைக்கும் பொன்னிறக் கனிம மண்ணைத் தோண்டியெடுத்துத் தடத்தில் பரப்பி இறுக்குவர். நன்கு இறுகிய அம்மண்ணில் நீர் தேங்காது வழிந்துவிடும். முன்னாளில் மரப்பாலம் இட்டுக் கடந்த சேற்று நிலங்கள் பல, இன்று கல்லும் கனிம மண்ணும் கொண்டு உறுதிபெற்றுள்ளன.

இடரை அளத்தல்

ஃப்ரீரைடு ஓட்டத்திலிருந்து இடரை முற்றிலும் நீக்கிவிட முடியாது. நீக்கினால் அது ஃப்ரீரைடாகவும் இராது. ஆனால், அறியாமல் சிக்கும் இடரையும் அறிந்து ஏற்கும் இடரையும் பிரித்துவைக்க முடியும். தட மேலாண்மையின் நுட்பம் இதில்தான் அடங்கியுள்ளது.

பனிச்சறுக்குத் தடங்களில் வழங்கிய குறியீடுகளே மலைமிதிவண்டித் தடங்களுக்கும் வந்தன. பச்சை வட்டம் எளிய தடத்தைக் குறிக்கும். நீலச் சதுரம் நடுத்தரமானதை. கருப்புச் சாய்சதுரம் கடினமானதை. இரட்டைக் கருப்புச் சாய்சதுரம் மிகக் கடினமானதைக் குறிக்கும். பன்னாட்டு மலைமிதிவண்டிக் கழகத்தின் வழிகாட்டுதலின்படி நீலத் தடத்தில் செயற்கை அமைப்புகளின் உயரம் 2 அடியையும், கருப்புத் தடத்தில் 4 அடியையும் மிகக்கூடாது. வடகரைக்கு வடக்கேயுள்ள விஸ்லர் நகராட்சி, தடங்களுக்கான தர அளவுகளைத் தொகுத்து 2003ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது.

குறியீட்டுப் பலகையைப் படிக்காமல் செல்வோரும் உண்டு. அவர்களுக்காகத் தடத்தின் தொடக்கத்திலேயே ஒரு கடினமான தடையை அமைப்பர். அது ஒரு நுழைவுத் தேர்வு போன்றது. அதைக் கடக்க இயலாதவர், உள்ளே அதைவிடக் கடினமானவை உள்ளன என்பதைத் தரையில் நின்றபடியே உணர்ந்து திரும்பிவிடுவார். உயர்ந்த பாலத்திற்கும் குதிக்கும் இடத்திற்கும் பக்கத்தில் மாற்று வழி ஒன்றை அமைப்பதும் வழக்கம். விழக்கூடிய இடங்களில் கூரிய கற்களும் முறிந்த கிளைகளும் இல்லாதவாறு தூய்மை செய்வர். நடைப்பயணிகள் மிகுதியாக வரும் பாதையைத் தடம் குறுக்கிடும் இடத்தில், வேகம் தானே குறையுமாறு ஏற்றமோ வளைவோ அமைப்பர். அறிவிப்புப் பலகையைவிட நிலத்தின் அமைப்பே ஓட்டுபவரை மிகுதியாகக் கட்டுப்படுத்தும் என்பது தடம் அமைப்போர் பட்டறிந்த உண்மை.

ஒப்புதலுக்குப் பின்

ஒப்புதல் ஆணை கைக்கு வந்ததும் பணி முடிந்துவிடுவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. அமைப்புகளைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதித்து, கண்டதையும் செய்ததையும் நாள் குறித்துப் பதிவுசெய்ய வேண்டும். புயலில் விழுந்த மரங்களை அகற்ற வேண்டும். வடிகால்களில் படிந்த இலைகளை வாரி எடுக்க வேண்டும். வடகரைச் சங்கம் இதற்கெனத் ‘தடத் தத்தெடுப்புத் திட்டம்’ ஒன்றை நடத்துகிறது. வணிக நிறுவனமோ குழுவோ ஒரு தடத்தைத் தத்தெடுத்துப் பொருளுதவி அளிக்கிறது. பயிற்சிபெற்ற தடப் பணியாளர் வழிகாட்ட, தன்னார்வலர் கூடி உழைக்கின்றனர். முன்னர் மறைவில் தனித்து மண்வெட்டியவரின் திறன், இப்போது பலருக்குக் கற்பிக்கப்படும் கலையாக மாறியுள்ளது.

இம்மாற்றத்தில் இழப்பும் உண்டு. பழைய தடங்களின் முரட்டுத்தன்மை குறைந்துவிட்டது, எல்லாம் ஒரே சீராக வழவழப்பாகிவிட்டன எனக் குறைகூறும் ஓட்டுநர்கள் உளர். அவர்களின் மனக்குறை பொருளற்றதன்று. வானளாவ எழுந்த ஒடுங்கிய மரப்பாலங்கள் பல இன்று இல்லை. அவற்றோடு ஒரு காலத்தின் துணிவும் கற்பனையும் மறைந்தன. எனவே, எளிய தடங்களை மட்டும் ஒப்புக்கொண்டு கடினமானவற்றை யாவும் மூடிவிடுதல் நல்ல மேலாண்மை ஆகாது. கடினமான ஓட்டத்திற்கு முறையான இடமே இல்லையெனில், அதை விரும்புவோர் மீண்டும் காட்டின் மறைவைத் தேடிச் செல்வர். தொடக்கநிலையினருக்கும் வல்லுநருக்கும் அவரவர்க்கேற்ற தடம் கிடைக்கும்போதுதான் இரகசியத் தடத்தின் தேவை குறையும். இதை நில நிருவாகங்களும் படிப்படியாக உணர்ந்து வருகின்றன.

சில நிலங்களில் மறுப்பே சரியான விடையாக இருக்கும். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தின்கீழ்க் காக்கப்படும் பகுதிகளில், பொறிவழிப் போக்குவரத்திற்கு இடமில்லை. மிதிவண்டியும் அத்தடைக்குள் அடங்கும். குடிநீர் ஓடையின் தலைப்பகுதியும், அரிய உயிரினங்கள் இனம்பெருக்கும் இடமும் விளையாட்டிற்கு விலக்காதல் முறையே. கேட்பதற்கு உரிமை உடையவர், ‘இல்லை’ என்னும் விடையை ஏற்கும் பண்பும் உடையவராதல் வேண்டும். அப்பண்பு உள்ளவரை நம்பித்தான் அடுத்த இடத்தில் ‘ஆம்’ என்னும் விடை வழங்கப்படுகிறது.

கட்டற்ற ஓட்டம் என்று பெயர்பெற்ற ஒரு விளையாட்டு, வரைபடத்திற்கும் விண்ணப்பத்திற்கும் கலந்தாய்விற்கும் உடன்பட்டது முரணாகத் தோன்றலாம். ஆனால், மறைவில் அமைந்த தடத்தில் ஓடியவர், ‘நாளை இது இருக்குமா?’ என்னும் ஐயத்துடனே ஓடினார். ஒப்புதல் பெற்ற தடத்தில் ஓடுபவருக்கு அவ்வையம் இல்லை. அவருக்குப் பின் வரும் தலைமுறைக்கும் அது எஞ்சும். பொது நிலத்தில் ஒருவர் பெறக்கூடிய முழுமையான உரிமை, பிறரின் உரிமையைக் கேட்டறிந்து பெறும் உரிமையே ஆகும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலுள்ள ஏரிக்கரை, விளையாட்டுத்திடல், மந்தைவெளி போன்ற பொது இடம் ஒன்றைத் தெரிவுசெய்க. அது எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளது என்பதையும், அதனை யார் யார் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதையும் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.

2. அவ்விடத்தில் மாணவர்களுக்கான நடைபாதை அல்லது மிதிவண்டிப் பாதை அமைக்க இசைவு வேண்டி விண்ணப்பம் ஒன்று எழுதுக. பாதையைப் பராமரிக்கும் முறையையும், பிற பயனாளர்களுக்கு இடையூறு நேராத வகையையும் அதில் குறிப்பிடுக.

3. “பொது நிலத்தில் உழைத்தவருக்கே அதன்மீது முதல் உரிமை” – இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.